மச்சான் பலகையில் சின்ன ர

3.3.81 செவ்வாய்
விடிந்ததிலிருந்து வெயில். இப்படியெல்லாம் நடக்கும் என்று போன நோன்புப் பெருநாளுக்கே நான் சொன்னேன். எவன் கேட்டான். பட்டின சபையிலிருந்து ஒலிபெருக்கி கட்டிய கார் வந்தது. தெருவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கடைப் பலகைகள் எல்லாம் கழற்ற வேண்டுமாம். பழைய பலகைகளுக்கு மட்டும் விலக்கு. அதுவும் இருக்கிறபடியே இருந்தால். கை வைத்தால் புதுப் பலகை என்றுதான் எடுப்பார்களாம்.

தங்கச்சியின் மாப்பிள்ளை, என் மச்சான். அவர் கைத்தறிக் கடை ஒடுங்கிய ஒழுங்கைக்குள். பலகை மட்டும் பெரிய தெரு முனையில், பஸ்ஸில் வருகிறவன் கண்ணில் படும்படி. அது போனால் சாறன் வாங்க ஒழுங்கைக்குள் எவன் நுழைவான். மச்சானுக்குப் பகல் சோறு இறங்கவில்லை.

"பழைய பலகைதானே மச்சான். பேசாம இரிங்க" என்றேன். தங்கச்சி கலியாணத்தோடு மாட்டியது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் வளவு மாமரம் கல்முனை வரை பறந்தது. பலகை அசையவில்லை.

வாங்க: சீனி, மண்ணெண்ணெய், பிரஷ்.

5.3 வியாழன்
வெயில். வருகிற கிழமை இன்ஸ்பெக்டர் பலகை பார்க்க வருகிறாராம். வருகிறவருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று பச்சைப் பெயின்ற் அடித்தேன். எழுத்தும் என் கைதான். இத்தனை வருஷம் 'கைத்தரி' என்று சின்ன ர போட்டுக் கிடந்தது. பெரிய ற போட்டுத் திருத்தினேன். ஊரில் வேறு எவனுக்கும் அந்தப் பிழை தெரியாது. கழுத்து வலி.

6.3 வெள்ளி
ஜும்ஆ முடிந்து வரும்போது பலகைக்குக் கீழே சைக்கிளோடு ஒருவர். அவர்தான் இன்ஸ்பெக்டர், சொன்னதற்கு முந்தியே. சாய்ந்தமருதுப் பொடியன். அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிட்டார்.

"காக்கா, இது புதுசு தானே."

"பழசு தம்பி. உங்கட வயசு இரிக்கும்."

"பழசுல சின்ன ர. பள்ளிக்கூடம் போற நேரம் பஸ்ஸுக்குள்ள இருந்து அதப் பாத்துத்தான் நாங்க சிரிக்கிற. அந்தச் சின்ன ர எழுத்தக் காட்டுங்க, பலகை இரிக்கட்டும். திங்கக்கிழமை வாறன்."

ஆக, பஸ்ஸில் போன எல்லாருக்கும் தெரியும். என்னிடம் ஒருவனும் சொல்லவில்லை.

தங்கச்சி: "படிச்ச காக்கா. பிழையத் திருத்தி எங்கட சோத்துல மண்ணப் போட்டீங்க."

மச்சான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். திட்டியிருக்கலாம்.

7.3 சனி
காற்று. மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய சவரப் பிளேட்டால் சுரண்டினேன். பச்சைக்கு அடியில் மங்கலாக ஏதோ. இன்னும் சுரண்ட, சின்ன ர, கால் வளையாமல் அப்படியே எழும்பி வந்தது. இந்தக் கை வேறு யாருக்கும் வராது. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு கோப்பை சோறு தின்றார்.

விரலில் ஒரு வெட்டு. பிளேட்.

9.3 திங்கள்
மூடல், தூறல் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தார். ஏணியில் ஏறி, அந்தச் சின்ன ர எழுத்தை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் துடைத்தார்.

"எப்ப மாட்டின காக்கா?"

"தங்கச்சிட கலியாணத்தோட."

"இன்னும் காயல்லியே."

மச்சான் ஏணியைப் பிடித்திருந்தார். ஏணி ஆடியது.

"கடக்காத்து தம்பி. உப்பு ஈரத்துல ஒண்டும் காயிறல்ல."

இன்ஸ்பெக்டர் லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஓம், கடக்காத்துத்தான்" என்றார். "இரிக்கட்டும். இனி ஒருத்தரும் இதுல கை வெக்கப்படாது. முக்கியமா நீங்க."

தங்கச்சி வட்டிலப்பம் அனுப்பினாள். கோப்பையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை எழுதியதில் ஒரு திருத்தம். சுரண்டச் சுரண்ட வெறும் பலகைதான் வந்தது. அந்த ர, பழசாகத் தெரியத் தேயிலைச் சாயம் கலந்து நான் போட்டது.