தீவில் வைத்த பிடிசோறு

சிவமயம்

நஞ்சைத் தன் கண்டத்தில் நிறுத்தி உலகைக் காத்த பெருமானே, அச்சம் சூழ்ந்த இந்நாட்களில் என் எழுத்து பொய்யில் வழுக்காதிருக்க அருள்வாய்.

ஆடி 8, புதன்

காலையில் தூறல். பிறகு புழுக்கம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையுடன் மீண்டும் தீவுக்கு, பறவைக் கணக்கு எடுக்க. தோட்ட அலுவலகத்தில் எழுதி ஓய்வுபெற்ற கிராணிக்குக் கிடைத்த புது உத்தியோகம்: அவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லுவார், நான் எழுதுவேன். போர்ட்டிக்சன் கரையிலிருந்து சாம்பான் படகில் போகும் தொலைவே. துடுப்பு வலிப்பவன் வீரன், நம் ரப்பர் தோட்டத்துப் பால்மரம் வெட்டுபவன்.

குடியிருப்பின் வேலி வாசலில் வழக்கமான சோதனை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாதென்று, ஒரு பருக்கையும் வெளியே போக அனுமதியில்லை. மலாயா முழுவதும் அவசரகாலச் சட்டம். துரையின் பிஸ்கட் டின்னுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு.

கண்டவை: சேற்றில் சிறு உள்ளான் கூட்டம். வளைந்த மூக்குடைய பெரிய உள்ளான் சில. மணல்திட்டில் ஆலாக்கள். நடுக்குட்டையில் சிறகி ஒரு சோடி. நாரை ஒன்று, தனியே.

உள்ளானின் மார்பில் செம்மை மிச்சமிருந்தால் வடக்கே போய்த் திரும்பியது, வெறும் சாம்பல் நிறமானால் போகாமலே கோடையை இங்கு கழித்தது என்கிறார் துரை. பெரும்பாலும் சாம்பலே. நெய்தல் பாட்டுகளில் நாரையிடம் தூது சொல்லி அனுப்புவார்கள். எனக்குச் சொல்லியனுப்ப ஊரில் யாரும் மிச்சமில்லை.

முழங்கால் வலி. சுக்கு தீர்ந்தது.

ஆடி 9, வியாழன்

மேகமூட்டம். தீவுக்குப் போகவில்லை. மாலையில் வீரன் வந்தான், உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தான்.

அவன் தாயார் சென்ற கார்த்திகையில் இறந்தார். லயங்களை, தொழிலாளர் வரிசை வீடுகளை, கலைத்து அனைவரையும் கம்பி வேலிக்குள் குடிவைத்த சமயம். ஊரடங்கு நெருங்குகிறதென்று அவசரமாகப் புதைத்தார்கள். கருமாதிக்கு ஆற்றங்கரைக்குச் சோறு கொண்டுபோக விடவில்லை. வருகிற அமாவாசையன்று தீவில், கடலைப் பார்த்து, தாய்க்குப் படைக்க வேண்டுமாம். முறையை நான் நடத்தித் தர வேண்டுமாம்.

எள்ளும் நீரும் இறைத்தால் போதும், சாத்திரம் அதை ஏற்கும் என்றேன்.

"ரேசன் அரிசிய பேரப்புள்ளைங்களுக்கு ஊட்டிட்டு, ஆத்தா பசியோட போச்சுங்கய்யா. எள்ளு எங்க பசியாத்தும்?"

 சரி என்றேன்.

ஆடி 11, சனி. அமாவாசை

கடும் வெயில். காற்றே இல்லை.

வீரன் வீட்டில் வடித்த ஒரு பிடி சோறு. வாழையிலையில் சுற்றி என் பூசைப்பெட்டியில், திருநீற்றுப் பைக்கு அடியில். வாசலில் காவலுக்கு நின்றவன் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மாணிக்கம். வீரனின் இடுப்புமடிப்பு வரை தடவினான். "வயித்த உள்ள இழுடா. அரிசி மூட்டையான்னு பாக்கணும்லா" என்று அவனுக்கு ஒரு கேலி. என்னிடம் வந்ததும் பணிந்து நின்று திருநீறு கேட்டான். பெட்டியைத் திறந்து பூசிவிட்டேன். உள்ளே பார்க்கவில்லை அவன். 

துரை வடமுனைக்கு நடந்ததும் வீரன் கடலில் முழுகி எழுந்தான். தாயின் பெயரை மும்முறை சொல்ல வைத்தேன். காகம் வரும்முன் கடல் கொண்டுபோய்விடக் கூடாதென்று, பெருக்கு எட்டாத உயரமான பாறையை நானே தேர்ந்தேன். சோற்றை வைத்துவிட்டு வீரன் காகத்தைக் கூவி அழைத்தான். கிளம்பலாம் என்று துரை குரல் கொடுத்தார். படைத்ததைத் திரும்பிப் பார்க்கலாகாது என்றேன் வீரனிடம். முறை அது. பார்க்காமலே படகேறினோம்.

துடுப்பு வலிக்கையில் வீரன் ஏதோ முணுமுணுத்துப் பாடினான். அவன் பாடி நான் கேட்டதேயில்லை.

கணக்கு: உள்ளான் மிகுதி, அமாவாசை வற்றத்தால். சிறகிகள் இல்லை.

ஆடி 13, திங்கள்

முற்பகலிலிருந்து விடாத மழை. நேற்று போலீஸ் படகு தீவில் இறங்கியதாம். பாறைமேல் இலையும் சோறும் வைத்தது வைத்தபடி. யாரோ காட்டுக்காரர்களுக்கு அந்த வழியாக உணவு சேர்க்கிறார்கள் என்று முடிவு. துடுப்பு வலிப்பவன் யாரென்று விசாரித்து, இன்று காலை வீரனைப் பால் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே பிடித்துப் போனார்கள். வாளி மரத்தடியில் கிடந்து மழை நிரம்பியது.

அவன் மனைவி செல்லம்மா வந்தாள். "கப்பலேத்திருவாங்களாய்யா?" என்று மட்டும் கேட்டாள். உணவு கொடுத்தார்கள் என்று பிடிபட்டவர்களை இந்தியாவுக்கு அனுப்பிவிடுவது நடக்கிறது. வீரன் கைக்குழந்தையாக இங்கு வந்தவன். அங்கே அவனுக்கு ஒரு முகமும் தெரியாது.

அத்தீவின் பறவைகளை இத்தனை முறை என் கையால் எழுதினேன். காகம் என்று ஒருமுறையும் எழுதியதில்லை. லயத்துக் கூரையில் காகம் கரையாத நாள் இருந்ததில்லை, ஆகவே எங்கும் இருக்கும் என்றே எண்ணியிருக்கிறேன். தாழ்ந்த பாறையில் வைத்திருந்தால் கடலாவது கொண்டிருக்கும்.

இரண்டு வேளையும் உண்ணவில்லை. நாளை காவல் நிலையம்.

ஆடி 14, செவ்வாய்

மழை விட்டது. வெளிச்சம் இல்லை.

இன்ஸ்பெக்டர் தமிழர், கிறித்தவர், மரியாதை தெரிந்தவர். நாற்காலி போடச் சொன்னார். சோறு வந்தது என் பெட்டியில், சடங்கு நடத்தியது நான், இடம் நான் தேர்ந்தது, அனைத்தும் சொன்னேன். துரையும் எனக்காக வந்திருந்தார். அந்தத் தீவில் காகம் உண்டா என்று இன்ஸ்பெக்டர் அவரைக் கேட்டார். பறவை விஷயத்தில் துரை பொய் சொல்லத் தெரியாதவர். இல்லை, ஒன்றுகூடப் பார்த்ததில்லை என்றார். சொன்ன பிறகே அதன் பொருள் அவருக்கு உறைத்தது. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"காக்கா இல்லாத எடத்துல காக்காய்க்கு யாருங்கய்யா சோறு வைப்பாங்க?"

நாங்கள்தான் வைத்தோம் என்றேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "அவனக் காப்பாத்தச் சொல்றீங்கன்னு தெரியுது. உங்க பேர எழுத வேணாம்னு தொர கேட்டுக்கிட்டாரு. வீட்டுக்குப் போங்கய்யா."

எழுதுங்கள் என்றேன். எழுதவில்லை.

வீரனைச் சிரம்பானுக்குக் கொண்டுபோக லோரி நின்றது. கையில் விலங்கு. கப்பலைப் பற்றிக் கேட்பான், பிள்ளைகளைப் பற்றிக் கேட்பான் என்று சொற்களைத் திரட்டிக்கொண்டு அருகில் போனேன்.

"சோறு அப்பிடியேவா இருந்துச்சு?"

ஆம் என்றேன்.

"அப்ப ஆத்தா இன்னும் சாப்புடல."

லோரி கிளம்பியது.

பின்னாளில் இதைப் பிரித்து வாசிப்பவர் எவராயினும் நீடு வாழ்க. அவர் மனையில் மூத்தோர் பசியாறி உறங்குக. அவர் பிள்ளைகள் பிறந்த வாசலிலேயே தழைக்க.