வெட்டச் சொன்ன கிளைகள்

1-10-73, திங்கள்
காலையிலிருந்து தூறல். கும்மிடிப்பூண்டி பக்கத்து ஆரணி, முனுசாமி தோப்பு. வழியில் சைக்கிள் செயின் இரண்டு தடவை கழன்றது. சனியன்.

ஆந்திராவிலிருந்து வாங்கிய ஒட்டுக்கன்றோடு வந்த பூச்சி, பெரிய மாமரங்களிலும் ஏறிவிட்டது. ஒன்பது மரம். இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாய். நம்மூர் மாவுப்பூச்சி இல்லை. கோயமுத்தூர் விவசாயக் கல்லூரிக்கு மாதிரி அனுப்பி மூன்று வாரம், பதில் இல்லை. சுற்றிலும் மா, கொய்யா. பரவினால் எல்லாம் போச்சு.

கிளை முழுக்க வெட்டிக் கொளுத்தச் சொன்னேன். முனுசாமி முகம் சுண்டிப்போயிற்று.

"ரெண்டு வருசம் காய் இருக்காதே சார். ஊரான் தோப்புக்காக நான் வெட்டணுமா?"

"இதோட நின்னுடும். நான் பொறுப்பு" என்றேன்.

3-10-73, புதன்
நேற்று காந்தி ஜெயந்தி, விவசாய ஆபீஸ் பூட்டு. இன்று அறிக்கை கொடுத்தேன். 'பரவும் வாய்ப்பு: அதிகம்' என்பதை ஆபீசர் அடித்து 'குறைவு' என்று போட்டார்.

"றெக்கையே இல்லன்ற. அப்பறம் எப்டிய்யா ஊர் ஊரா போவும்?"

வாதாடி வாதாடி தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

வாங்க வேண்டியது: பொரி, கடலை, பூசணிக்காய், சந்தனம்.

4-10-73, வியாழன்
தோப்பில் ஒன்பது மரமும் மொட்டை. சாம்பல் மட்டும் ஒரு கூடைகூட இல்லை. மீதி எங்கே என்றேன்.

"கும்மிடிப்பூண்டி கம்பெனிக்காரங்க லாரில வாரிக்கினு போனாங்க சார். ஆயுத பூஜைக்குத் தோரணம் கட்டணுமாம். சாமி காரியத்துக்குக் கேட்டா எப்டி சார் இல்லன்றது?"

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். முனுசாமி தலை நிமிரவில்லை. எந்தக் கம்பெனி? அவருக்குத் தெரியவில்லை. அவரைச் சொல்லி என்ன? பொரி வாங்கத் தெரிந்த எனக்கு, மாவிலைக்கு ஆள் வரும் என்று தெரியவில்லையே. கொளுத்தும்வரை நின்றிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

5-10-73, வெள்ளி
நல்ல வெயில். ஆயுத பூஜை, லீவு. கும்மிடிப்பூண்டி ரோடு முழுக்கச் சைக்கிளில். பஸ், லாரி, டிராக்டர், கம்பெனி கேட், எல்லாவற்றிலும் மாவிலை. டீக்கடை முன் நின்ற லாரியில் ஒரு கொத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை.

அவிழ்க்கப் போனேன். டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா, பூஜை போட்டு கட்னத அவுக்கற? வண்டி எங்கனா கவுந்தா நீயா வருவ?"

"இலையில பூச்சி இருக்குப்பா."

"பூச்சி இல்லாத மரம் எங்க கீது?"

எந்த ஊருக்குப் போகிறது வண்டி என்று கேட்டேன்.

"நாளைக்கு சேலம்."

சேலத்தில் ஊர் ஊராக மாந்தோப்பு. வெட்டாமல் விட்டிருந்தால் பூச்சி ஆரணியிலேயே கிடந்திருக்கும்.