மேர்லின் கேட்ட நாள்

ஓகஸ்ட் 1, 1996

கறுப்பின மக்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட நாளை நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த ஊரின் நகரசபையும் இனிக் கொண்டாடுமாம். துணி வெளுக்கும் லோண்ட்ரியில் என்னோடு வேலை செய்யும் ஜமேக்காக்காரி மேர்லின் விழாவுக்குப் போக, அவளுடைய ஷிப்ட்டையும் நானே செய்தேன். பின்னேரம் கேக்கோடு வந்தாள். உங்கள் ஆட்களின் நாள் எது, அன்றைக்கு உனக்காக நான் நிற்கிறேன் என்றாள். தீபாவளி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"ஏன் அதைச் சொன்னனி?"

"வேற எதைச் சொல்ல? தம்பியை நினைக்க எங்களிட்ட ஒரு நாள் இருக்கோ?"

"ஊரில ஆமி பிடிச்சவன் வருவான். உயிரோட இருக்கிறவனுக்கு என்னத்துக்கு நாள்?"

அவனைக் கொண்டுபோன வருடத்திலிருந்து, செத்த வீடு போல, தீபாவளிக்கு எங்கள் அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏறுவதில்லை. வைக்க வேண்டாம் என்றது அம்மாதான்.