ஃபோட்டோவில் இல்லாத இரண்டு பேர்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆரம்பிக்கும்போதே அப்பா பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து "என் இடுப்பைப் பத்தி எழுது" என்கிறார், ஆகவே அப்பாவின் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் காய்ந்த துணியும் சூடான சாப்பாடுமாக, கை கால் நோகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். அப்பா திரும்பவும் பஸ் ஓட்டப் போக டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. பகலெல்லாம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருமுனையில் திரும்புகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்து "இவனுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது" என்று கேட்கிறார், பதில் சொல்ல வேண்டியவள் நான். தம்பி பரீட்சை முடிந்த களைப்பில் இன்னும் தூங்கிக்கொண்டே இருக்கிறான், வேலை தேடப் போகிறேன் என்கிறான், முதலில் சார்ஜரைத் தேடுகிறான். மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார், எந்த நாளைக்கு என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. வேலை விட்டு வந்ததும் சுடுதண்ணீரில் காலை வைத்தால் எடுக்க மனம் வருவதில்லை, அப்படி உட்கார்ந்துகொண்டுதான் இதையும் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ ஃபோனில் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. "எனக்கு ஆளுங்களை நடத்தற திறமை இல்லம்மா, எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிடட்டுமா" என்று கேட்டாய், நான் "சாப்பிட்டியா" என்றேன். உனக்குத் தெரியும், எனக்கு ஃபோனில் பேச வராது. நேரிலும் வராது. நம் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் முதலில் டிகிரி வாங்கியவள் என்றுதான் பெயர், இத்தனை வருஷத்தில் ஒரு மீட்டிங்கில்கூட நான் வாய் திறந்ததில்லை. நீ சொன்னதை மட்டும் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பனிமலையில் உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நீ உன் கயிற்றில் வந்த எல்லோரையும் திருப்பி இறக்கினாய். கடைசியாக வந்த பெண் கொக்கியை மாட்ட முடியாமல் தடுமாறினாள், குளிரில் விரல் மரத்துப்போயிருக்கிறது, இன்னும் ஏறினால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று உனக்குப் புரிந்துவிட்டது, அதனால் இறக்கினாய். கூட வந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசாததைக்கூட நீ பொறுத்துக்கொண்டாய். அந்தப் பெண்ணே கீழே வந்தபின் உங்கள் மலையேற்றக் கிளப்பில் "எனக்கு ஒண்ணும் இல்ல, நான் ஏறியிருப்பேன், அவங்கதான் பயந்துட்டாங்க" என்று சொல்லித் திரிகிறாள் என்றபோதுதான் உன் குரல் உடைந்தது. மாதக் கடைசியில் கூடிப் பேசி அடுத்த முறை யார் தலைமை என்று முடிவு செய்வார்கள், அதற்கு முன்பே விலகிவிடலாம் என்று நீ நினைக்கிறாய். அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரியும்போல இருக்கிறது, ஏனென்றால் போன சனிக்கிழமை உன் அம்மாவும் மலை ஏறினாள்.

சிரிக்காதே. எங்கள் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒற்றுமை வர வேண்டும், தலைமைப் பண்பு வர வேண்டும் என்று மேலாளர் ஒரு பயிற்சியாளரைப் பிடித்துக் கொண்டுவந்து, ஒரு நாள் மலையேற்றம் ஏற்பாடு செய்தார். அப்பா கேட்டதும் "ஃப்ரிட்ஜ் மேல இருக்கற டப்பாவை எடுக்கவே என்னைக் கூப்பிடற, மலைக்கா போற" என்றார். போகாமல் இருக்கச் சாக்குத் தேடினேன், கிடைக்கவில்லை. தவிர நீ எதை நம்பி இப்படிக் குளிரில் கிடக்கிறாய் என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. பரணிலிருந்து உன் பழைய பையை இறக்கி அறுந்த வாரைத் தைத்து எடுத்துப் போனேன். அடிவாரத்தில் பயிற்சியாளர் விசிலை ஊதி எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, குழு என்றால் ஒரே உடம்பு, யாரும் யாரையும் விட்டுவிடக் கூடாது, உங்கள் எல்லையை நீங்களே தாண்டிப் பாருங்கள் என்றெல்லாம் பேசினார், நல்ல மனிதர்தான். மேலாளர் எது சொன்னாலும் அதையே இன்னொரு தடவை சொல்கிற வரவேற்பறைக்காரருக்கு நாங்கள் ஜெராக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம் அல்லவா, அவர் "ஒரே உடம்பு, ஒரே உடம்பு" என்று சொல்லிக்கொண்டே கிளம்பினார். முதல் வளைவிலேயே அந்த உடம்பின் தலை எங்கேயோ போய்விட்டது, நான் வால்.

ஒன்று கவனித்தேன், உனக்கு இது தெரிந்திருக்கும், எனக்குப் புதுசு. முன்னால் போனவர்கள் நிழலைப் பார்த்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து ஜோக் அடித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருப்பார்கள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும் "வந்துட்டாங்கப்பா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். அவர்கள் காத்திருந்தது உண்மை. ஆனால் உட்கார்ந்தவர்கள் அவர்கள், உட்காராதவள் நான். நம் வீட்டிலும் இப்படித்தானே, நான் தட்டெல்லாம் எடுத்து வைத்துவிட்டு வந்து உட்காரும்போது டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போவீர்கள். யாரையும் குறை சொல்லவில்லை. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு தொடங்குகிறது என்று யாராவது ஒருவர் நினைத்துக்கொண்டால் போதும், அந்த ஒருவரைத்தான் தலைவர் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பாதிக்கு மேல் ஏறியதும் பம்பரம் என்னோடு சேர்ந்துகொண்டான். ஆய்வகத்தில் மெஷின் பார்க்கிறவன், குழந்தை பிறந்தபின்னும் ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றுகிறவன், அவனைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் ஓடினவன் எப்படிப் பின்னால் வந்தான் என்று கேட்டதற்கு "உங்களுக்குத் துணையாதான்க்கா" என்றான். சரி என்றேன். என்னென்னமோ பேசிக்கொண்டே வந்தான், மாமியாரைப் பற்றி, புது ஷூவைப் பற்றி. அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. ரத்தம் எடுக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் இத்தனை காலம் நின்றவளுக்கு அது ஒன்று போதும். மயங்கப் போகிறவர்கள் யாரும் மயக்கம் வருகிறது என்று சொல்வதில்லை, வாயை மூடிக்கொள்வார்கள், மேலுதட்டில் வேர்க்கும், உதடு வெளுக்கும். பார்த்தேன், மூன்றும் இருந்தது. அங்கேயே பாறையோரம் சாய்த்துப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி உன் பைமேல் வைத்தேன், சட்டைப் பட்டனைத் தளர்த்தினேன், கொஞ்சம் தெளிந்ததும் இருந்த தண்ணீரையும் மிட்டாயையும் கொடுத்தேன். அவன் கண்ணைத் திறந்து முதலில் சொன்னது "யாருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா" என்பதுதான்.

மேலே எல்லோரும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பேனர் தெரிகிறது, தலைகள் தெரிகின்றன. மேலாளருக்கு ஒருவர் விடாமல் எல்லோரும் நிற்கிற ஃபோட்டோ வேண்டும், அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்ட முந்தின வாரமே ஆணி அடித்தாயிற்று. "இதோ இருக்கு, வந்துடுங்க" என்று அவர் கூப்பிட, "வந்துடுங்க, வந்துடுங்க" என்று ஜெராக்ஸ். பம்பரம் எழுந்திருக்கப் பார்த்தான், ஏறிடலாம்க்கா என்றான், பாறையை விட்டுக் கையை எடுக்கவில்லை. பாதை முழுக்க வராத பயம் அப்போதுதான் வந்தது, அத்தனை பேருக்கும் எதிரே முடியாது என்று கத்த வேண்டுமே என்று. கத்தினேன். "நாங்க வரல, எனக்கு முட்டி வலி, இவரு துணைக்கு இருக்காரு, நீங்க எடுத்துக்குங்க" என்றேன். என் குரல் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வந்தது, யாரோ வேறு பெண் பேசுகிறாள் என்று நினைத்தேன். எல்லையைத் தாண்டச் சொன்னாரே பயிற்சியாளர், என்னுடையது காலில் இல்லை, தொண்டையில் இருந்திருக்கிறது. கீழே வந்ததும் ஒவ்வொருவரும் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று அவர் கேட்டார், என் முறை வந்தபோது பழைய தொண்டை திரும்பிவிட்டது, "தண்ணி பத்தல" என்று மட்டும் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை ஃபோட்டோ ஹாலுக்கு வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் ரெண்டு பேர் குறையுதே என்றார்கள், "அக்கா முட்டியால பம்பரத்துக்கும் ஃபோட்டோ போச்சு" என்றார்கள். பம்பரமும் நின்றுகொண்டிருந்தான். "என்ன பண்றது, அக்காவுக்காக உச்சியையே தியாகம் பண்ணிட்டேன்" என்று சிரித்தான், நானும் சிரித்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு முழுக்கக் கை வேலை செய்தது, மனசு செய்யவில்லை. தனியாக வந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று இரண்டு மூன்று நாள் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நீ ஃபோனில் ஏன் அப்படி அழுதாய் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது, உச்சி போனதற்காக இல்லை.

அப்புறம் வியாழக்கிழமை அவன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான், தடுப்பூசி போட்டுவிட்டு வருகிற வழியாம். குழந்தை அவன் முடியைப் பிடித்து இழுக்க, அவன் அதே வேகத்தில் கூடம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இவன் நன்றாக இருப்பதால்தானே தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிய முடிகிறது. ஏதாவது ஆகியிருந்தால் எல்லோரும் நான் சொன்னதை நம்பியிருப்பார்கள், அந்த நம்பிக்கை எனக்கு எதற்கு.

ஆகவே நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். விலகுவதும் இருப்பதும் உன் இஷ்டம், அலுத்துப்போய் விலகினால் வீட்டுக்கு வா, உன் படுக்கையில் தம்பி துணியைக் குவித்து வைத்திருக்கிறான், எடுக்கச் சொல்கிறேன். ஆனால் திறமை இல்லை என்று எழுதிக் கொடுக்காதே, அது பொய். நான் முட்டிவலி என்று சாக்குச் சொல்லித்தான் பம்பரத்தைத் திருப்பினேன், நீ சாக்குச் சொல்லவில்லை, "நான்தான் திருப்பினேன்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாய். அது உன் அம்மாவிடம் இல்லாதது, எங்கிருந்து உனக்கு வந்தது என்று அப்பாவைக் கேட்டேன், வேறு யாரு, நான்தான் என்கிறார். முதலில் உட்கார், நன்றாகச் சாய்ந்து உட்கார், தூங்கு, களைப்போடு எந்த முடிவும் எடுக்காதே. கூட்டத்தில் அந்தப் பெண் எழுந்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கையை நீட்டிப் பேசினால் நீ பதில் பேச வேண்டாம். அந்தக் கையை மட்டும் பார். எல்லா விரலும் இருக்கும்.

சுவர் ஈரம் காய்ந்ததும் வெள்ளையடிக்க வேண்டும். நான் மலையில் கத்தினதை அப்பா நம்பவில்லை, எங்கே ஒரு தடவை கத்திக் காட்டு என்றார், வாயைத் திறந்தேன், வரவில்லை. உன் பையைத் துவைத்துத் திரும்பப் பரணில் போட்டிருக்கிறேன். கையுறையை ஈரத்தோடு மடித்து வைக்காதே, தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடி. நீ ஏறுகிற இடமெல்லாம் உன்னைத் தாங்கட்டும், இறங்குகிற இடமெல்லாம் உன்னை விட்டுக்கொடுக்காமல் இருக்கட்டும். நீ உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு ஒரு ஃபோன் செய், இந்த முறை சாப்பிட்டியா என்று நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன்.

என்றும் உன் நினைவோடு,
கால் தண்ணீர் ஆறிப்போன
உன் அம்மா