வாப்பா பத்திரமாக வைத்த காகிதம்

நவம்பர் 9, 1951. வெள்ளி

விடியற்காலையிலிருந்து மழை. கிணற்றடியில் கணுக்கால் தண்ணீர். ரவிக்கை இரண்டு பாக்கி. தையல் மிஷின் வார் ஈரத்தில் நழுவுகிறது, சனியன்.

அண்ணன் வந்தான். (இந்த நோட்டில் இனி அ. போதும். முழுசாக எழுத மனமில்லை.) வீட்டைக் கிடங்குக்கு விற்கப் பேச்சு முடிந்ததாம். யானைக்கவுனி சேட்டு ஒருவருக்கு.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு சுலேகா. வாப்பா எழுதி வச்சாருன்னு சொல்லிகினே கீறியே, காயிதத்தக் காட்டு. காட்டினா பின்கட்டு உனுக்கு. நான் இன்னா அவ்ளோ கெட்டவனா?"

நான் வளர்ப்புப் பெண். ஷரீயத்துப்படி எனக்குப் பங்கு கிடையாது. வஸிய்யத் என்று உயில் எழுதினால் மூன்றில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம். வாப்பா எழுதினார். எங்கே வைத்தார் என்றுதான் சொல்லாமலே மவுத்தாகிவிட்டார்.

நவம்பர் 10. சனி

தேடிய இடங்கள்: தகரப் பெட்டி. அரிசிப் பானை. பரண் (தேள் ஒன்று). கடிகாரத்தின் முதுகு. வாப்பாவின் தொப்பி மடிப்பு.

தொப்பியில் ஒரு வெள்ளை முடி. அத்தோடு இன்றைய தேடல் முடிந்தது. அழுதேன்.

ரேஷனில் புழுத்த அரிசி.

நவம்பர் 12. திங்கள்

மழை விட்டிருக்கிறது. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ட்ராமில் போனேன், வஸிய்யத்தை எழுதிக் கொடுத்த பத்திர எழுத்தரைப் பார்க்க.

"முத்திரை வச்ச உறையில போட்டு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல குடுத்துடுங்க பாய், அவங்க இரும்புப் பொட்டியில பத்திரமா கெடக்கும்னு தலப்பாடா அடிச்சிகினேன்மா. கேக்கல. சிரிக்கிறாரு. 'என் வூட்லயே ஒரு எடம் கீது, திருடன்கூட அதுல கை வைக்க மாட்டான்'ன்னாரு. சாட்சிக் கையெழுத்துப் போட்ட ரெண்டு பேரும் இப்ப இல்ல. காயிதம் வந்தாத்தான் கேஸு நிக்கும்."

வீட்டுக்குள் நுழைந்ததும் கண் நேரே சுவர்ப் பலகைக்குப் போனது. காலிப் பலகை. வாப்பாவின் பழைய குர்ஆன் இருந்த இடம்.

தாள் தாளாக உதிர்ந்துகொண்டிருந்தது. கால் பட்டுவிடக் கூடாது, ஆழக் கடலில் இறக்கிவிடுவதுதான் மரியாதை என்று வாப்பாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா அன்று சொன்னது நான். பச்சைத் துணியில் சுற்றி அ. கையில் கொடுத்ததும் நான். பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

என் கையாலேயே.

நவம்பர் 13. செவ்வாய்

அ.விடம் சொன்னேன். "எனுக்கு இன்னா தெரியும் சுலேகா? மூட்டையா குடுத்தே, மூட்டையா எறக்கினேன். அல்லா நாடினது அவ்ளோதான்."

என் தலையில் கை வைத்தான். அவன் கண்ணிலும் தண்ணீர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எத்தனை நாளாக மனதுக்குள் அவனைத் திட்டியிருக்கிறேன்! இனி அண்ணன் என்றே முழுசாக எழுத வேண்டும்.

ரவிக்கை ஒன்று முடித்தேன். கை அளவு தப்பு. பிரிக்க வேண்டும்.

நவம்பர் 15. வியாழன்

தூறல். மீன்கார நாகம்மா வந்தாள். அண்ணன் அன்றைக்குக் குர்ஆன் மூட்டையோடு கடலுக்குப் போனது அவள் புருஷனுடைய கட்டுமரத்தில்தான். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொல்கிறாள்:

"உங்க அண்ணனுக்கு இன்னா பயபக்தி! கல்லு கட்றதுக்கு முன்னால மூட்டையப் பிரிச்சாராம். உள்ள தனியா ஒரு காயிதம் இருந்துச்சாம். அத்தப் படிச்சிட்டு ரொம்ப நாழி அப்டியே குந்திகினு இருந்தாராம். 'வேணான்னா கிழிச்சிப் போடு பாய்'னு நம்மாளு சொல்லிக்கிறாரு. 'அய்யோ, கிழிக்கக் கூடாது, பாவம்'னு திரும்ப உள்ளயே வச்சி, இன்னொரு கல்லும் சேத்துக் கட்னாராம்."

சங்கரா வாங்கினேன். இன்னும் கழுவவில்லை. பூனை வந்து உட்கார்ந்திருக்கிறது.

கிழித்துப் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் அ. வருகிறான். சேட்டு ஆளோடு, பின்கட்டை அளக்க.