அனுபவம்: ஒரு மோட்டார்

அப்பா,

காபி பிளாஸ்கில் இருக்கிறது. நான் இன்டர்வியூவுக்குக் கிளம்பிவிட்டேன்.

சித்தப்பா பட்டறையில் இரண்டு வருஷம் வேலை பார்த்ததாக நீங்கள் வாங்கி வந்த பொய் சர்டிபிகேட்டை எடுத்துப் போகவில்லை. டிவி பக்கத்தில் கிடக்கிறது. "வெறும் இன்ஜினியரிங் டிகிரிய வச்சுக்கிட்டு என்னத்தக் கிழிப்ப?" என்று நேற்று கத்தினீர்கள். பார்த்துவிடுகிறேன்.

அனுபவம் என்ற இடத்தில், நம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்ததை எழுதியிருக்கிறேன். விசாரிக்க உங்கள் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். போன் வந்தால் உள்ளதை மட்டும் சொல்லுங்கள்.

சின்னவள்

பி.கு.: முதல் தடவை நான் ஒயரை இடம் மாற்றிக் கொடுத்ததில் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றியதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று: இரண்டாம் தடவை தொட்டியில் தண்ணீர் விழுந்ததும் மொட்டைமாடியில் நின்று கைதட்டினீர்களே, அதையும் சொல்லுங்கள்.