நானும் அவனும் பழகிய வேலி

என்றும் என் நெஞ்சில் இருக்கிற தவமணி மச்சாளுக்கு,

உங்கள் ஆண்டுத் திவசம் போன கிழமை முடிந்தது. உங்களுக்குப் பிடித்த மரவள்ளிக்கிழங்குக் கறியும் வைத்துப் படைத்தோம். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல உங்கள் தம்பி அழுதார். நான் அழவில்லை. அழுவதற்கு முதல் உங்களிடம் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதுகிறேன். ஊரார் வாசித்தால் வாசிக்கட்டும். அவர்களும் அறியவேண்டிய கதைதான்.

அந்த வெள்ளிக்கிழமை வேலி பார்க்கும் முறை எங்கள் வீட்டுக்கு. யானைக்கு மின்வேலி போட்டபின் வந்த முதல் காலபோக நெல்வெள்ளாமை அது. முறைக்காரர் காலையில் வேலியோரம் நடந்து, கம்பியில் முட்டுகிற கொடிகளை வெட்டி, தூண்கள் சரிந்திருக்கின்றனவா என்று பார்த்து வரவேண்டும். என்னவருக்கு, அதுதான் உங்கள் தம்பிக்கு, நடக்கக் கால் ஏலாது. ஆகவே நான்தான் போகவேண்டும். கத்தியைக் கையில் எடுத்துவிட்டேன். படலையைத் தாண்டக் கால் வரவில்லை.

"மச்சாள், எனக்கு இண்டைக்கு விரதம். கோயிலுக்குப் பூவும் கட்டவேணும்" என்றேன்.

நீங்கள் பக்கத்து வளவில் நின்று சிரித்தீர்கள். "நீ பூக் கட்டி முடிய, யானை வந்து அதையும் திண்டிட்டுப் போயிடும். இஞ்ச கொண்டா கத்தியை. எனக்கும் சேத்துக் கும்பிடு, என்ன?"

விரதம் பொய்யில்லை, மச்சாள். ஆனால் நான் நின்றது விரதத்துக்காக இல்லை, பயத்துக்காக. பிள்ளையாரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உங்களை அனுப்பினேன்.

நூற்று அறுபத்துமூன்றாம் தூணடியில் உங்களைக் கண்டார்கள். யானை வேலிக்கு அப்பால்தான் நிற்கும் என்று நம்பி, காட்டுப் பக்கமே பார்த்து நடந்திருப்பீர்கள். அது விடியுமுன்னரே ஒரு தூணைச் சரித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. உங்களுக்கு முன்னால் கம்பி, பின்னால் அது. எங்களைக் காக்கவென்று போட்ட வேலியே உங்களை ஓடவிடாமல் மறித்தது. கடைசியில் என்னை நினைத்தீர்களா? திட்டினீர்களா?

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு வேலிக்குழுத் தலைவர் சுந்தரம் அண்ணையிடம் போனேன். "எங்கட முறைக்கு இனி நான்தான் வாறன். மச்சாள் வீட்டு முறைக்கும் நான்தான்."

"உமக்கேன் பிள்ளை இந்தச் சோலி? வேற ஆரையும் விடுவம்" என்றார் அவர். பக்கத்தில் இருந்த ரவி, "விடுங்கோ அண்ணை, அவா போனா யானையும் தேவாரம் படிக்கப் பழகும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலாம் தூண் பிள்ளையார் கோயிலடியில், வீடுகளுக்குப் பக்கத்தில். நூற்றெண்பதாம் தூண் குளக்கட்டில். முதல் நாள் பன்னிரண்டாம் தூண் வரைதான் போனேன். சருகுக்குள் ஓர் உடும்பு ஓடியது. நான் வீட்டுக்கு ஓடிவந்தேன். அரிசி, மா, தேங்காய் என்று நான் எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில் திகதியைப் போட்டு 12 என்று எழுதினேன். கொப்பியில் பொய் எழுதிப் பழக்கமில்லை.

அடுத்த முறை நாற்பது. அதற்கடுத்தது தொண்ணூற்றைந்து. முதலில் துணைக்குத் தேவாரத்தை உரத்துப் பாடிக்கொண்டு நடந்தேன். பிறகு பாட்டை நிறுத்தினேன். காடு என்ன சொல்கிறது என்று கேட்கக் காது வேண்டியிருந்தது. கடவுள் கோபித்திருக்கமாட்டார், காதும் அவர் தந்ததுதானே. சித்திரை கழிந்து ஒரு காலை, உங்கள் தூணடியில் ஒரு பூவை வைத்துவிட்டு, நூற்றெண்பதையும் தொட்டுத் திரும்பினேன். குளக்காற்று முகத்தில் பட்டது. அன்றுதான் நானும் ஓர் ஆள்தான் என்று எனக்கே தெரிந்தது.

வேலியோடு தந்த கையேட்டில் இருந்த படங்களைப் பார்த்து, கம்பியில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று மானியில் வாசிக்கப் பழகினேன். அறுந்த கம்பியை முடிந்து இணைக்கப் பழகினேன். ஒருவரும் சொல்லித்தரவில்லை. போனமுறை ஏலாது என்று விட்டுவந்ததை இந்தமுறை முதல் வேலையாகச் செய்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

அதன்பிறகு மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். ஒருவருக்கு மாங்குளத்தில் அலுவல், ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மாமியார் வருகிறா. "நீங்கள் எப்பிடியும் போறனீங்கள்தானே, எங்கடயையும் பாருங்கோவன்." கார்த்திகை வந்தபோது கிழமையில் ஆறு நாளும் நான்தான். ரவி எனக்குக் 'கறண்டுக்காரி' என்று பட்டம் வைத்தான். உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது, மச்சாள். உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

அதே கொப்பியில் வலப்பக்கம் இன்னொன்றும் எழுதிவந்தேன்: வேலியில் ஏற்பட்ட சேதம். ஐப்பசியில் நூற்றைம்பத்தோராம் தூணடியில் கம்பிமேல் ஒரு பட்டமரம் கிடந்தது. காற்றுக்கு விழுந்ததென்று நினைத்து இழுத்துப் போட்டேன். பத்து நாள் கழித்து நூற்றுப் பதினெட்டில் இன்னொன்று. அது விழுந்த மரமில்லை, தூக்கி வைத்த மரம். பிறகு தொண்ணூறில் தூணே சரிந்து கிடந்தது. தூணில் மின்சாரம் இல்லை, கம்பியில்தான் என்பதைக் கண்டுபிடித்து, தனியன் யானை ஒருவன் காலால் உதைத்திருந்தான். வட்டமான பெரிய காலடி. அதே அடிதான் எல்லா இடத்திலும்.

உங்களிடம் வந்தவனும் இவன்தானா என்று ஊரார் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது.

மார்கழியில் ஒருநாள் பின்னேரம் உங்கள் தம்பி கதிரையில் இருந்து கொப்பியைப் புரட்டினார். விரலால் எண்களைத் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பார். இடப்பக்கம் நீ. பன்னிரண்டு, நாப்பது, தொண்ணூத்தைஞ்சு எண்டு ஏறினனி. வலப்பக்கம் அவன். நூத்தைம்பத்தொண்டு, நூத்துப் பதினெட்டு, தொண்ணூறு எண்டு இறங்கி வாறான்." கொப்பியை மூடினார். "நீயும் அவனும் ஒரே வகுப்பில படிக்கிறியளோ?"

பகிடியாகத்தான் சொன்னார். நான் கொப்பியை வாங்கி இன்னொருமுறை பார்த்தேன்.

போன செவ்வாய் காலை, வெயில் ஏறிய பிறகு, அறுபதாம் தூணடியில், வேலிக்கு அப்பால் அவன் நின்றான். இடக்காதில் கிழிசல். இரண்டு தூண் இடைவெளிதான் இருக்கும். நான் அசையவில்லை. மனதுக்குள் விநாயகா விநாயகா என்றேன். அவன் ஒரு கொப்பை முறித்து, மண்ணைத் தட்டி, ஆறுதலாக, அவசரமில்லாமல் தின்றான். பிறகு திரும்பிக் காட்டுக்குள் போனான்.

நான் ஓடவில்லை என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். குசினியில் உலை வைக்கும்போதுதான் யோசனை வந்தது. அவனும் ஓடவில்லையே? வெடி இல்லாமல், சத்தம் இல்லாமல், ஒரு பெண் தினமும் தனியே வந்து போகிறாள். மனிதரென்றால் இவ்வளவுதான் என்று அவன் படித்துக்கொண்டது என்னிடமிருந்துதானா?

நெல் வெட்டு மெஷின் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கதிர் முற்றி வாசம் வீசுகிறது. அந்த வாசம் காட்டுக்குள்ளும் போகுமல்லவா?

நேற்றுப் பின்னேரம் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். "நாளைக்கு ஆர் முறை?" என்று சுந்தரம் அண்ணை கேட்டார்.

"ஆர் முறையெண்டா என்ன, கறண்டுக்காரி இருக்கிறா" என்றான் ரவி.

நான் எழும்பினேன். "நான் தனியப் போகமாட்டன்."

"ஏன் பிள்ளை, சுகமில்லையோ?"

"சுகத்துக்கு ஒண்டுமில்லை அண்ணை. பயம்."

காட்டோரம் தனியே நடப்பதைவிட அந்தச் சொல்லைச் சபையில் சொல்வது கடினமாக இருந்தது. "கறண்டுக்காரிக்கே பயமெண்டா நாங்கள் என்ன செய்யிறது?" என்று ரவி கேட்டான். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஒரு ஆளை அவன் பழகிட்டான். இனி ஒரு ஆள் போனா அது காவலில்லை, அவனுக்குப் படிப்பு. வெட்டு முடியுமட்டும் ஐஞ்சு பேர் வாங்கோ. யானை வெடியோட வாங்கோ." கொப்பியை விரித்து எல்லாருக்கும் காட்டினேன். ஐந்து பெயர் எழுதினார்கள்.

இன்று காலை மூன்று பேர் வந்தார்கள்: சுந்தரம் அண்ணை, ரவி, நான்.

நூற்றெண்பது தூணும் பார்த்தோம். ஒன்றும் சரியவில்லை. ஒரு கம்பியும் அறவில்லை. மானியில் மின்சாரம் முழுதாக இருந்தது. ரவி, "பாத்தீங்களே, சும்மா பயந்தனாங்கள்" என்று சொல்லி வாய் மூடவில்லை. திரும்பி வரும் வழியில், முப்பத்துநாலாம் தூணுக்கு அருகே, வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம், யானை லத்தி கிடந்தது. காலை அந்த இடத்தைக் கடந்து போனபோது அங்கே ஒன்றும் இருக்கவில்லை. சுந்தரம் அண்ணை புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு ஆறவில்லை.

எந்த வழியால் வந்தான்? குளத்தில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும், வேலி முடிகிற இடத்தைச் சுற்றி வந்தானா? இப்போது எங்கே நிற்கிறான்? பிள்ளைகளை இன்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. இதை நான் மத்தியானத்தில் எழுதுகிறேன். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பற்றைக்குள் ஏதோ முறிகிற சத்தம் இடைக்கிடை கேட்கிறது. காற்று இல்லை.

வனவிலங்கு அலுவலகத்திலிருந்து நாளை விடிய ஆட்கள் வருகிறார்கள். அவனைத் திருப்பிக் காட்டுக்குள் கலைக்கவேண்டும். அவன் வந்துபோகிற இடங்களை அறிந்தவர் வழிகாட்ட வேண்டுமாம். ஊரில் அது நான்தான். காலை வராத இரண்டு பேரும் இப்போது வந்து பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் நாலு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போகிறேன், மச்சாள். துணிவு வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வந்த துணிவுதான் அவனையும் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது. பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். அது 'நில்' என்றால் நிற்பேன், எல்லாருக்கும் கேட்க 'பயமாயிருக்கு' என்று சொல்வேன். ஆனால் என் கத்தியை இனி ஒருவர் கையிலும் கொடுக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் தம்பியின் பெண்சாதி,
உங்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்த மச்சாள்,
புனிதவதி